வெயில் குறைந்த நாடுகளின் பிள்ளை நோய்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது வீடொன்றில் குழந்தை பிறந்து ஒரு கிழமை கடப்பதற்குள் ஒரு சிறு போத்தலும் அவ்வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றது. மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது கையில் கொடுப்பார்கள். அல்லது வீடு தேடி வரும் தாதி அதன் பெயரைக் கடதாசியில் எழுதித் தருவார். விற்றமின் டி துளிகள். நாள்தோறும் குழந்தையின் நாவில் விடவேண்டும் என்பது அறிவுரை. முதல் மாதம் ஒழுங்காக விடுகின்றோம். பின்னர் அந்தப் போத்தல் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டிலே, ஊறுகாய்ப் போத்தலுக்கும் மிளகாய்ச் சம்பலுக்கும் இடையில், மறக்கப்பட்டுக் கிடக்கின்றது.

மறதி மட்டும் இதற்குக் காரணமன்று. "என்ரை அம்மா எட்டுப் பிள்ளையள் பெத்து வளர்த்தவ. ஒருத்தருக்கும் உது குடுக்கேல்லை. ஆருக்குக் கால் வளைஞ்சது?" என்று அம்மம்மா கேட்கின்றார். அவர் சொல்வதில் பொய்யில்லை. 'தாய்ப்பாலில் இல்லாதது எந்த மருந்தில் இருக்கப்போகிறது' என்று நினைப்பவர்களும் உண்டு. 'வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வராத நோயை எமது பிள்ளைகளின் தலையில் கட்டுகின்றார்கள்' என்று ஐயுறுவோரும் உண்டு. இம்மூவருக்கும் உரிய மறுமொழி அந்தப் போத்தலின் வரலாற்றிலேயே இருக்கின்றது. அது ஏறக்குறைய 400 ஆண்டு கால வரலாறு. அதன் பெரும்பகுதி எம்மைப் பற்றியதன்று. இந்நாட்டு மக்களைப் பற்றியது.

இலண்டன் நகரத்தில் இறந்தோரின் தொகையை, இறப்பின் காரணத்தோடு, கிழமைதோறும் அச்சிட்டு வெளியிடும் வழக்கம் 17 ஆம் நூற்றாண்டிலே இருந்தது. அந்தப் பட்டியலில் 1634 ஆம் ஆண்டில் ஒரு புதிய நோயின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. றிக்கெற்ஸ் என்பது அப்பெயர். என்புகள் இறுகாமல் மென்மையாகி வளையும் குழந்தை நோய் அது. 1645 இல் டானியல் விஸ்லர் என்னும் ஆங்கில இளைஞர் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திலே தமது மருத்துவப் பட்டத்துக்காக இந்நோயைப் பற்றி எழுதினார். 1650 இல் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் பிரான்சிஸ் கிளிசன் இலத்தீன் மொழியில் ஒரு முழு நூலையே வெளியிட்டார். ஐரோப்பாவின் ஏனைய மக்கள் இதனை 'ஆங்கில நோய்' என்றே அழைத்தனர். ஜேர்மன் மொழியில் அப்பெயர் நெடுங்காலம் வழங்கிற்று.

கிளிசன் கண்டு எழுதிய அடையாளங்கள் இன்றைய பெற்றோருக்கும் பயன்படக்கூடியவை. மணிக்கட்டு வீங்கினாற்போல் தடித்திருக்கும். விலா என்புகளின் நுனிகளில் வரிசையாக முடிச்சுக்கள் தென்படும். பல் முளைக்கத் தாமதமாகும். நிற்கவும் நடக்கவும் பிள்ளை பிந்தும். நடக்கத் தொடங்கியதும் உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் கால்கள் வில்லாக வளையும். இவ்வளவையும் நுணுக்கமாகக் கண்ட அந்த அறிஞருக்கு நோயின் காரணம் மட்டும் பிடிபடவில்லை. வளைந்த உடலை நிமிர்த்துவதற்காகக் குழந்தையைப் பட்டிகளால் கட்டித் தொங்கவிடும் முறையையும் அவர் விவரித்திருக்கின்றார். பாவம் அக்குழந்தைகள்!

அடுத்த இரு நூற்றாண்டுகளில் நோய் குறையவில்லை, பெருகியது. நிலக்கரி எரித்து ஆலைகள் இயங்கத் தொடங்கின. புகை வானை மூடியது. கிராமத்து மக்கள் நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் வந்து சேர்ந்தனர். கிளாஸ்கோ, மான்செஸ்ரர், இலண்டன் போன்ற நகரங்களின் தொழிலாளர் தெருக்களில் வளைந்த கால்களையுடைய பிள்ளைகள் அன்றாடக் காட்சியாயினர். இதன் கொடுமை குழந்தைப் பருவத்தோடு முடியவில்லை. சிறுவயதில் இந்நோய் கண்ட பெண்பிள்ளைகளின் இடுப்பென்பு ஒடுங்கிப்போயிருந்தது. அவர்கள் வளர்ந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது குழந்தை வெளியே வர வழியில்லை. தாயோ சேயோ, பலவேளைகளில் இருவருமோ மாண்டனர். 1888 இல் கிளாஸ்கோவில் மருத்துவர் மேர்டொக் கமரன் இப்படியான ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து இருவரையும் காப்பாற்றினார். நவீன முறையிலான சத்திரசிகிச்சைப் பிரசவத்தின் வரலாற்றிலே பெரிதாகப் பேசப்படும் நிகழ்ச்சி அது. அந்தச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டதன் காரணமே றிக்கெற்ஸ்தான். அப்பெண் வெள்ளைக்காரப் பெண்.

நோயின் காரணம் வெயிலின்மையே என்று கண்டவர்கள் இடையிடையே தோன்றாமல் இல்லை. 1822 இல் போலந்து மருத்துவர் ஜெஞ்சேய் ஸ்னியாடெற்ஸ்கி, தமது ஊராகிய வில்னியஸ் நகரத்துப் பிள்ளைகளுக்கு வரும் இந்நோய் சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்து, குழந்தைகளைத் திறந்த வெளியில் வெயில் படும்படி வைக்கவேண்டும் என எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. வடகடற் கரையோர மக்களோ எந்த நூலையும் படிக்காமலே கொட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைப் பிள்ளைகளுக்குப் பருக்கி வந்தனர். எமது ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய அதே மீனெண்ணெய்தான். பிரெஞ்சு மருத்துவர் துரூசோ 1860 களில் இந்த எண்ணெயும் வெயிலும் இந்நோயைத் தீர்க்கும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். மீன் எங்கே, சூரியன் எங்கே? இவை இரண்டும் ஒரே நோயை எவ்வாறு தீர்க்கும்? இக்கேள்விக்கு விடையில்லாமையால் இரண்டையுமே நாட்டு வைத்தியம் எனப் பெரிய வைத்தியர்கள் ஒதுக்கினர்.

எமது பக்கத்து நாடுகள் இந்த வரலாற்றினுள் வருவது 1890 இல். தியோபால்ட் பாம் என்பவர் ஜப்பானிலே மருத்துவராகவும் கிறித்தவ ஊழியராகவும் பணியாற்றிவிட்டுப் பிரித்தானியா திரும்பியவர். ஜப்பானில் தாம் காணாத இந்நோய் தம் தாய்நாட்டு நகரங்களில் தெருவுக்குத் தெரு இருப்பது அவரைத் திகைக்க வைத்தது. சீனா, இந்தியா முதலிய நாடுகளில் பணியாற்றியவர்களிடம் கடிதம் மூலம் கேட்டு விவரம் திரட்டினார். அந்நாடுகளின் ஏழைகள் பிரித்தானிய ஏழைகளைவிட மோசமான உணவை உண்டனர். அழுக்கான குடிசைகளில் வாழ்ந்தனர். ஆயினும் அவர்களின் பிள்ளைகளுக்கு இந்நோய் அரிதாகவே இருந்தது. வறுமையன்று, அழுக்கன்று, வெயிலின்மையே காரணம் என்று பாம் எழுதினார். அம்மம்மாவின் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுதப்பட்ட மறுமொழி இது. எட்டுப் பிள்ளைகளும் முற்றத்து மண்ணில் தவழ்ந்தன. முழுக வார்த்தபின் இளவெயிலில் காய்ந்தன. மருந்தை எவரும் கொடுக்கவில்லை என்பது சரி, வெயில் கொடுத்தது.

பாமின் கட்டுரையையும் அக்காலத்துப் பெரியவர்கள் கவனிக்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டு பிறந்தபோது மருத்துவ உலகம் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. கிளாஸ்கோவின் லெனார்ட் பின்ட்லே 1908 இல் நாய்க்குட்டிகளை அடைத்து வைத்து ஆராய்ந்து, உடலசைவும் திறந்த வெளியும் இல்லாமையே காரணம் என்றார். இலண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்குப் பெரும்பாலும் தானிய உணவையே ஊட்டி நோயை வரவழைத்து, மீனெண்ணெய் கொடுத்து அதனைத் தடுத்தும் காட்டினார். 1919 இல், உணவில் ஏதோ ஒன்று குறைவதே காரணம் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவருடைய நாய்க்குட்டிகளும் வெயில் காணாமல் உள்ளேயே வளர்ந்தவை; ஆகவேதான் உணவை மாற்றி நோயை வரவழைக்க அவரால் முடிந்தது. இரு கட்சியினரும் உண்மையின் ஒவ்வொரு பாதியை வைத்துக்கொண்டு மற்றப் பாதியை மறுத்தனர்.

இரண்டு பாதிகளையும் பொருத்தியது போர்க்காலத்துப் பட்டினி. முதலாம் உலகப் போர் முடிந்த குளிர்காலத்தில், பேர்லினில் குழந்தை மருத்துவர் கேர்ட் குல்ட்சின்ஸ்கி, றிக்கெற்ஸ் முற்றிய நான்கு பிள்ளைகளைப் பாதரச விளக்கின் புறஊதாக் கதிர்களின் முன் நாள் விட்டு நாள் கிடத்தினார். சில மாதங்களில் என்புகள் இறுகத் தொடங்கின. எக்ஸ்ரே படங்கள் அதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. பின்னர் அவர் செய்த ஒரு சோதனை அதைவிட வியப்பானது. பிள்ளையின் ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தார்; மற்றக் கையின் என்பும் சேர்ந்து குணமானது. அப்படியாயின் ஒளியால் தோலில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தோடு கலந்து உடல் முழுவதும் செல்கின்றது என்பதே பொருள். இந்த மருத்துவர் ஒரு யூதர். நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேறி எகிப்தில் அடைக்கலம் புகுந்த அவர், 1940 இல் அங்கேயே காலமானார். எமது பிள்ளைகளின் கையிலிருக்கும் மருந்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் எம்மைப் போன்ற அகதி என்பது பலருக்குத் தெரியாது.

அதே காலத்தில் வியன்னா நகரம் பட்டினியால் வாடிக்கொண்டிருந்தது. பாலில்லை, கொழுப்பில்லை, நகரத்துக் குழந்தைகள் பெருந்தொகையாக இந்நோயால் முடங்கின. பிரித்தானியாவிலிருந்து கரியற் சிக் என்னும் பெண் விஞ்ஞானி, பெண் ஆய்வாளர்களைக் கொண்ட ஒரு குழுவுடன் 1919 இல் அங்கே சென்றார். அங்கிருந்த குழந்தை மருத்துவமனையின் தலைவர் பிர்கே, நோய் ஒரு தொற்று என்று நம்பியவர். எனினும் தம் கருத்துக்கு மாறான ஆய்வைச் செய்வதற்கு அவர் இடங்கொடுத்தார். (இத்தகைய பெருந்தன்மை அறிஞரிடையே அன்றும் அரிது, இன்றும் அரிது.) குளிர்காலத்தில் மீனெண்ணெய் பெறாத குழந்தைகளுக்கு நோய் வந்தது, பெற்ற குழந்தைகளுக்கு வரவில்லை. கோடையில் வெயிலில் கிடந்த குழந்தைகளுக்கு எண்ணெய் இல்லாமலே நோய் வரவில்லை. மீனும் சூரியனும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது 1922 அளவில் ஐயமறத் துலங்கியது. சிக் அம்மையார் 102 ஆண்டுகள் வாழ்ந்து 1977 இல் மறைந்தார்.

1922 இலேயே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் மெக்கொலம் என்பவர் மீனெண்ணெயைச் சூடாக்கி அதனூடாக ஒட்சிசனைச் செலுத்தி, அதிலிருந்த விற்றமின் ஏ யை அழித்தார். எஞ்சிய எண்ணெய் அப்பொழுதும் றிக்கெற்ஸைத் தீர்த்தது. அதிலிருந்த புதிய பொருளுக்கு வரிசைப்படி விற்றமின் டி எனப் பெயரிடப்பட்டது. ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரத்து வேதியியலாளர் விண்டவுஸ் இத்துறை ஆய்வுக்காக 1928 இல் நோபல் பரிசு பெற்றார்.

எமக்கு மிக நெருக்கமான பகுதி நியூயோர்க்கில் நடந்தது. அங்கு அல்பிரெட் கெஸ் என்னும் குழந்தை மருத்துவர், கொலம்பஸ் கில் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பில் பணியாற்றினார். அம்மக்களிற் பலர் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், அதாவது வெயில் நிறைந்த இடங்களிலிருந்து, வடக்கே வந்து குடியேறியவர்கள். அங்குள்ள குழந்தைகளில் இந்நோய் இல்லாத குழந்தையைக் காண்பது அரிதாயிருந்தது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளும் தப்பவில்லை. கெஸ் அங்கே மீனெண்ணெய் வழங்கி நோயைப் பெருமளவு தடுத்து, 1917 இல் அதனைப் பதிவு செய்தார். பின்னர் நிறம் வேறுபட்ட எலிகளை ஒரே அளவு ஒளியில் வைத்து ஆராய்ந்து, கருநிறம் ஒளியை மறிக்கின்றது என்பதையும் காட்டினார். எமது தோலின் கருமை வெப்ப நாட்டின் கடும் வெயிலிலிருந்து எம்மைக் காக்கும் குடை. அந்தக் குடையை விரித்தபடியே நாம் வடக்கே வந்துவிட்டோம். வெள்ளைத் தோலுக்குப் போதுமான வெயில் எமது தோலுக்குப் போதாது.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கின்றது. ரொறன்ரோ 44 பாகையில். பாரிஸ் 49 பாகையில். இலண்டன் 51 பாகைக்கு மேல். ஒஸ்லோ ஏறக்குறைய 60 பாகையில். பிரித்தானியாவில் ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் தொடக்கம் வரை சூரியன் தாழ்ந்து செல்வதால், விற்றமினை உண்டாக்கும் கதிர் நிலத்தைப் போதியளவு வந்தடைவதில்லை. வெளிச்சம் இருக்கும், கதிர் இராது. இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். கண்ணாடி யன்னலருகே குழந்தையைக் கிடத்தி 'வெயில் காட்டும்' தாய்மார் பலர் உள்ளனர். கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. குழந்தைக்குக் கிடைப்பது வெப்பம் மட்டுமே.

இனிப் பிரித்தானியாவின் கதைக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரின்போது அரசு குழந்தைகளுக்கு மீனெண்ணெயும் தோடம்பழச் சாறும் வழங்கியது. மாஜரினில் விற்றமின் டி சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. பால்மாவிலும் சேர்த்தனர். வெள்ளையரின் பிள்ளைகளிடமிருந்து நோய் ஏறக்குறைய மறைந்தது. மறுபுறத்தில் அளவு மிஞ்சியது. பால்மாவிலும் தானிய மாவிலும் எண்ணெயிலும் ஒரே நேரத்தில் விற்றமின் சேர, 1950 களின் முற்பகுதியில் சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தியும் மெலிவும் கண்டன. 1957 இல் அளவைக் குறைத்தார்கள். கூடக் கொடுத்தால் கூட நல்லது என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது.

நோய் மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட வேளையில், 1962 இல் கிளாஸ்கோ மருத்துவர் டன்னிகனும் அவருடைய துணைவர்களும் அதே பழைய நோயை அதே பழைய நகரத்தில் மீண்டும் கண்டு எழுதினர். இம்முறை அது பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய மக்களிடையே இருந்தது. சப்பாத்தி மாவிலுள்ள ஒரு பொருள் கல்சியத்தை உடலிற் சேரவிடாமல் தடுக்கின்றது, பெண்கள் உடலை மூடி உடுக்கின்றனர், வெளியே வருவதில்லை, மரக்கறி மட்டும் உண்கின்றனர் எனப் பற்பல விளக்கங்கள் வந்தன. அவற்றில் உண்மையும் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியாமல் இருக்க முடியாது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு நோய் வந்தபோது அரசு அவர்கள் உண்ணும் உணவிலேயே மருந்தைச் சேர்த்தது. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு வந்தபோது, உணவையும் உடையையும் மாற்றுங்கள் என்ற அறிவுரை முன்னால் வந்தது. சப்பாத்தி மாவில் விற்றமினைச் சேர்க்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. அன்றைய குடியேறிகள் சிலரிடம் தோன்றிய கசப்பு நியாயமற்றது என்று சொல்ல முடியாது. அந்தக் கசப்பின் எச்சமே இன்றும் எம்மிடையே ஐயமாக உலவுகின்றது.

இருப்பினும் கசப்புக்காகப் பிள்ளையின் மருந்தை ஒதுக்குவது கணக்கை யாரிடம் தீர்ப்பதாகும்? கிளாஸ்கோவில் 1979 இல் ஆசியப் பிள்ளைகளுக்கு விற்றமின் துளிகளை இலவசமாக வழங்கத் தொடங்கினர். உணவை மாற்றச் சொல்லவில்லை. உடையை மாற்றச் சொல்லவில்லை. 1985 இல் வெளியான அறிக்கையின்படி, மருத்துவமனைக்கு இந்நோயோடு வரும் ஆசியப் பிள்ளைகளின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. துளிகளை ஒழுங்காக எடுத்த பிள்ளைகள் தப்பினர்.

எம்மவரில் பெரும்பாலோர் இந்நாடுகளுக்கு வந்தது 1983 இன் பின்னர். ஆகவே கிளாஸ்கோ வரலாற்றில் எமது பெயர் இல்லை. ஒஸ்லோவில் இருக்கின்றது. அங்கே வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு நோர்வே, இலங்கை ஆய்வாளர்கள் 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒஸ்லோவில் இருப்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி யின் அளவு கண்டியில் இருப்பவர்களைவிட மிகவும் குறைவாக இருந்தது. இனம் ஒன்று, உணவுப் பழக்கமும் பெரும்பாலும் ஒன்று, மாறியது நாடு. அவ்வாய்வு வளர்ந்தவர்களைப் பற்றியது என்பது உண்மை. ஆனால் பிறக்கும் குழந்தையின் முதற் சேமிப்பு தாயின் உடலிலிருந்து வருகின்றது. தாயிடம் குறைவென்றால் பிள்ளை வெறுங்கையோடு பிறக்கின்றது. தாய்ப்பாலில் இந்த விற்றமின் இயல்பாகவே மிகச் சிறிதளவே உண்டு. அது தாயின் குறையன்று. தாய்ப்பாலுக்கு ஈடான உணவு பச்சைக் குழந்தைக்கு வேறில்லை. இந்த ஒன்றை மட்டும் மனிதக் குழந்தை வெயிலிலிருந்து பெறும்படி இயற்கை அமைத்துவிட்டது.

கால் வளைவதோடு விடயம் முடிவதில்லை. கல்சியம் மிகக் குறைந்தால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரலாம். இதயத் தசை தளரலாம். 2000 முதல் 2006 வரை தென்கிழக்கு இங்கிலாந்தில் இந்தக் குறைபாட்டால் இதயம் தளர்ந்து சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளைப் பற்றி இலண்டன் மருத்துவர்கள் 2008 இல் எழுதினர். அனைவரும் தெற்காசிய, கறுப்பினக் குழந்தைகள். மூவர் இறந்தனர். நாளொன்றுக்குச் சில துளிகளால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் அவை.

இனி, பெற்றோரின் அன்றாடக் கவலைகளைப் பற்றியும் கூறவேண்டும். இதனைப் படித்துவிட்டு, கால் சற்று வளைந்த ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துப் பதறத் தேவையில்லை. இரண்டு வயது வரை பிள்ளைகளின் கால் ஓரளவு வளைந்திருப்பது இயல்பு. தாயின் வயிற்றில் மடங்கிக் கிடந்ததன் தொடர்ச்சி அது, தானே நிமிரும். பாலுண்ணும்போது தலை வியர்ப்பதும், ஒரு வயது வரை பல் முளைக்காதிருப்பதும் நலமான பிள்ளைகளிலும் காணப்படுபவை. ஒரு பிள்ளை 10 மாதத்தில் நடக்கும், இன்னொன்று 16 மாதத்தில் நடக்கும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடித் திரிகிறது' என்பது நோயின் அடையாளமாகாது. ஆனால் 18 மாதம் நிறைந்தும் நடக்காத பிள்ளையை, நடக்கத் தொடங்கிய பின்னர் வளைவு கூடிக்கொண்டே போகும் பிள்ளையை, மணிக்கட்டுத் தடித்த பிள்ளையை, தூக்கினால் நோவெடுத்து அழும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டவேண்டும். கைகால் வெட்டி இழுத்தாலோ, கைக்குழந்தை மூச்சு வாங்கிப் பாலுண்ண மறுத்தாலோ, மறுநாள் வரை காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். மொழி தெரியாது என்று தயங்குவோர், இத்துளிகளைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அதனை மறைக்காமல் சொல்வது நல்லது. மருத்துவர் காரணத்தை விரைவில் கண்டுபிடிக்க அது உதவும்.

அளவைப் பற்றி: முதலாண்டில் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது 400 அலகு, என்பதே பெரும்பாலான நாடுகளின் அறிவுரை. பிரித்தானியாவில் 8.5 முதல் 10 மைக்கிரோகிராம் என்பார்கள். சில நாடுகளில் சற்றுக் கூடுதலாகவும் சொல்வர். சில போத்தல்களில் அந்த அளவு ஒரே துளியில் அடங்கிவிடும். வேறு சிலவற்றில் பல துளிகள் விடவேண்டும். ஒரு நாட்டில் வாங்கியதை இன்னொரு நாட்டிலிருக்கும் தங்கைக்கு அனுப்புபவர்கள், பழைய போத்தலின் கணக்கைப் புதிய போத்தலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடக்கூடாது. ஒட்டியிருக்கும் விவரத்தை வாசிக்கவேண்டும். துளிகளோடு மீனெண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தல் தவறு. பிரித்தானியாவில், நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத் துளிகள் வேண்டியதில்லை என்பர். அப்பாலிலேயே விற்றமின் சேர்க்கப்பட்டுள்ளது. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக விடத் தேவையில்லை. சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் மீனெண்ணெய் என்று அஞ்சி இதனை ஒதுக்குவதையும் கேள்விப்படுகின்றோம். இன்று கடைகளிலுள்ள துளிகளில் பெரும்பாலானவை ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுபவை. அதுவும் வேண்டாம் என்போருக்குத் தாவரத்திலிருந்து ஆக்கியதும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைக் கோடையில் நேர் வெயிலிற் கிடத்துவதை இன்றைய மருத்துவர்கள் விரும்புவதில்லை. பச்சைத் தோல் எளிதில் கருகிவிடும். ஆகவே ஊரில் வெயில் செய்த வேலையை இங்கே அந்தப் போத்தல்தான் செய்யவேண்டியிருக்கின்றது. எத்தனை காலம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜேர்மனியில் குழந்தை தனது இரண்டாவது கோடையின் தொடக்கத்தைக் காணும் வரை என்கின்றனர். பிரித்தானியாவில் நான்கு வயது முடியும் வரை கொடுக்கச் சொல்வதோடு, கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் நாள்தோறும் 10 மைக்கிரோகிராம் எடுக்கவேண்டும் என்கின்றனர். அம்மம்மாமாரும் தமது இரத்தத்தை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்நாடுகளில் 30, 40 குளிர்காலங்களைக் கண்ட அவர்களின் முழங்கால் நோவுக்கும் இடுப்பு நோவுக்கும் சிலவேளைகளில் இதே குறைபாடு காரணமாயிருப்பதுண்டு.